கை வேர்க்காதவர்கள்

...பேனா நாலாயிரத்தில் இறங்கிவிட்டது, இனி நிறுத்த முடியாது, நிறுத்தலாம், பொத்தான் என் கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் என்ன சொல்லி நிறுத்துவது, மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றா, அவரிடமா, இந்த இயந்திரத்தின் ஒவ்வொரு முனகலையும் காதாலேயே அடையாளம் சொல்கிற மனிதரிடம் போய் மின்சாரக் கதை விட்டால் எடுபடுமா... பேசாமல் உட்கார், பரமசிவம். பதினான்கு நிமிடம். காகிதத்தின் இடது ஓரத்தில் நாலாயிரம் என்று அச்சிட்டிருக்கிறது, வலது ஓரத்தில் அறுநூற்று ஐம்பது, அகச்சிவப்புக் கதிரின் அலை எண்கள், பேனா இடமிருந்து வலமாகப் போகும், வைத்த பொருள் எந்தெந்த எண்ணில் கதிரை விழுங்குகிறதோ அங்கங்கே பள்ளம் விழும், பள்ளங்களைப் பார்த்துப் பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம், இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் வயிறு வளர்க்கிறேன். எனக்கு இன்று வேண்டியது ஒரே ஓர் இடம், எண்ணூற்று எழுபத்தைந்து. அங்கே பேனா நேராகப் போய்விட்டால் பிழைத்தேன். அங்கே பள்ளம் விழுந்தால், பக்கத்து ஸ்டூலில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரே, பேராசிரியர் குமாரசாமி, நாலு மணிக்கு மாலை போட்டு, வடையும் டீயும் கொடுத்து, ஓய்வு என்று அனுப்பப்போகிறோமே, அவருக்கு அரை நொடியில் எல்லாம் தெரிந்துபோகும்.

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன அலமாரியால் வந்தது. காலையில் காலி செய்துகொண்டிருந்தார், நானும் கூடவே நின்று பழைய சஞ்சிகைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன், கடைசித் தட்டின் மூலையில் பருத்திப் பஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், வாயை உருக்கி மூடியது, உள்ளே ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புப் பட்டு நூல், மேலே என் கையெழுத்தில் ஒரு சீட்டு, ஆகஸ்ட் அறுபத்து நாலு. என் கையெழுத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சஞ்சிகைக் கட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கல்வத்துல விழுந்துதா, இல்ல அதுக்கு முன்னாடியே நூலுல இருந்துதான்னு ஒரு சந்தேகம் மனசுலயே கெடந்துக்கினு இருக்குதுபா, கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தரம் ஓட்டிப் பாத்துடலாமா என்றார். விழுந்தது என்று அவர் சொல்வது திருநீறு. அவர் நெற்றியிலிருந்து விழுந்ததாக ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் நெற்றியிலிருந்து ஒன்றும் விழவில்லை. அது என் உள்ளங்கையிலிருந்து போனது. நூலை உப்போடு சேர்த்து அரைக்கிற கல்வத்தில்தான் விழுந்தது என்றால், கல்வத்தையே பார்க்காத இந்தக் குழாய் நூல் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தமாக இல்லையென்றால் நூலைத் தொட்ட கைதான் காரணம், தொட்டது ஒரே ஒரு கை. இதைப் புரிந்துகொள்ள ஸ்பெக்ட்ரோஸ்கோபி கூட வேண்டாம்.

மூவாயிரத்து அறுநூற்று எழுபதுக்குப் பக்கத்தில் பேனா ஒரு சின்ன வெட்டு வெட்டிவிட்டுப் போனது, அங்கே பட்டுக்கு ஒன்றும் கிடையாதே, பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இயந்திரத்துக்கும் வயசாகிறது. இதோ மூவாயிரத்து முந்நூறு, பெரிய பள்ளம், அது பட்டினுடையது, இது இருக்க வேண்டிய பள்ளம். இயந்திரத்தில் வைக்கிற வில்லையை நான் செய்யவில்லை. டீக்கடைக்காரனுக்கு எத்தனை வடை என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டேன், ஆய்வு மாணவி இந்திராணிதான் குழாயை உடைத்து, நூலைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, கல்வத்தில் உப்போடு அரைத்து, அழுத்தி, காலணா அளவுக்கு வில்லை எடுத்துக் கொடுத்தாள், நல்ல தெளிவான வில்லை, குறை சொல்ல முடியாது. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயசு, முனைவர் பட்டம், திங்கட்கிழமை முதல் துறைத் தலைவர், கை மட்டும் முதல் நாள் போலவே நனைந்துகொண்டிருக்கிறது.

முதல் நாள்... அறுபத்தொன்று ஜூன், எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்தே வந்தேன், எங்கள் குடும்பத்தில் எம்.எஸ்ஸி. என்பதே அப்பாவுக்கு வாயில் நுழையாத சொல், இதற்கு மேலும் படிப்பு இருக்கிறது என்றதும் அம்மா திண்டாடிப் போய் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டுப் போ என்றாள், அம்மா சொல்லைத் தட்டுவானேன் என்று போனேன், திருநீற்றைத் தினத்தந்திக் கிழிசலில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கல்லூரி வராந்தாவில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஆய்வகப் பணியாளர் குப்புசாமிதான் மெதுவாகப் பக்கத்தில் வந்து ரகசியம் சொன்னார். "மார்க்கெல்லாம் பாக்க மாட்டாருபா. கையைப் புடிச்சிப் பாப்பாரு. ஈரமா இருந்துதுன்னா போய்ட்டு வான்னுடுவாரு." நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பேராசிரியர் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்தவர், அங்கே கை வேர்க்கிறவனை ஜரிகைப் பக்கம் விடமாட்டார்களாம், ஜரிகை கறுத்துவிடுமாம், பெண் எடுக்கும்போதுகூட கையைத் தொட்டுப் பார்க்கிற வீடுகள் உண்டாம். இயந்திரத்தின் கண்கள் உப்பால் ஆனவை, நூலை அரைப்பது உப்பில், உப்பும் ஜரிகையும் ஒண்ணுதாம்பா, ஈரக் கை பட்டா போச்சு என்பது அவர் வாக்கு. என் கையைப் பார்த்தேன், வாய்க்காலில் முக்கி எடுத்தது போல இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டைப் பையில் விரலை விட்டேன், திருநீறு இருந்தது, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் கை உலர்ந்து, கதகதப்பாக, வைக்கோலைத் தொட்டது போல இருந்தது. என் கையை ஒரு நிமிடம் பிடித்திருந்தார், புரட்டிப் பார்த்தார், சாம்பல் பூத்திருந்ததைப் பார்த்து, கோயிலுக்குப் போய்ட்டு வந்தியா, நல்லது, நாளைக்கே வந்துடு என்றார். பத்துப் பேரில் நான் தேறினேன். முதல் மதிப்பெண் வாங்கியவன் வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான், கெட்டிக்காரன், அவனுக்கும் என்னைப்போல ஈரக் கை, திருநீறுதான் இல்லை.

அன்றிலிருந்து என் வெள்ளைக் கோட்டின் பையில் ஒரு பொட்டலம் தீராமல் இருந்தது. கல்வத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சிட்டிகை, இரண்டு கையும் தேய்த்துத் தட்டிவிட்டுக்கொள்வேன், பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய பக்திமான், வேலை ஆரம்பிக்கும்போது சிவனை நினைக்கிற பிள்ளை என்று அவரே மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்... வேர்வை வேதியியலில் பட்டம் கொடுத்தால் எனக்குத்தான் தங்கப் பதக்கம்.

இவரைப்போல ஒருவரை நான் இனிப் பார்க்கப்போவதில்லை, இது மாலை போடுகிற நாளுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை. இங்கிலாந்தில் இரண்டு வருஷம் படித்தார், அங்கேயே இரு என்று சொன்னார்கள், இவர் திரும்பி வந்து, பட்டணத்தில்கூட நிற்காமல், இந்த ஊர்க் கல்லூரியில் மூன்று பியூரெட்டும் ஒரு தராசும் இருந்த அறையில் உட்கார்ந்துகொண்டார். ஜெர்மனியில் யாரோ கழித்துப் போட்ட இந்த இயந்திரத்தைப் பத்து வருஷம் கடிதம் எழுதி எழுதி வரவழைத்தார், துறைமுகத்திலிருந்து லாரியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டிகள் எல்லாம் முந்திக்கொண்டு போக, ஊர்ந்து ஊர்ந்து காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். உப்புக் கண் ஈரத்தில் மங்கிவிடும் என்று உள்ளே அறுபது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டார், அது பதினாலு வருஷமாக எரிகிறது. மழைக் காலத்தில் மின்சாரம் போனால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மணல் சட்டியில் வறுத்து, துணியில் கட்டி, சைக்கிளில் மாரோடு அணைத்துக்கொண்டு வருவார், தொப்பலாக நனைந்திருப்பார், மூட்டையில் ஒரு சொட்டு பட்டிருக்காது. உப்புக் கண் மங்கினால் பட்டுத்துண்டில் தேய்த்துத்தான் மெருகேற்றுவார், ஜரிகை இல்லாத, கஞ்சி போகத் துவைத்த பழம் பட்டு, அந்தத் தேய்ப்பு யாருக்கும் கைவரவில்லை. டில்லியிலிருந்து பார்க்க வந்த அதிகாரி ஒருவர், இது எந்த நாட்டு முறை என்று கேட்டார், எங்கம்மா வெள்ளிப் பாத்திரம் தேய்க்கிற முறை என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். வகுப்பில் ஆங்கிலம், சமன்பாடு மட்டும்தான், ஆய்வகத்துக்குள் வந்தால் பிள்ளையார்பாளையம் வந்துவிடும். மூலக்கூறு சும்மா இருக்காதுபா, ஆடிக்கினே இருக்கும், அது எந்தத் தாளத்துக்கு ஆடுதுன்னு கேக்கறதுதான் நம்ம வேலை என்பார். எங்கப்பா அடுத்த அறையில இருந்துக்கினே எந்த எழை அறுந்துதுன்னு தறிச் சத்தத்துலயே சொல்லுவாரு என்பார். சொல்லிவிட்டு, தலைகீழாக வைத்த தாளிலிருந்து என்ன பொருள் என்று அவர் படித்துச் சொல்லுவார். நான் இன்னும் நேராக வைத்தே தடுமாறுகிறேன்.

பேனா இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதில் சிணுங்கியது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், நாம ரெண்டு பேரும் விட்ட மூச்சு, இருந்தாலும் நீ கொஞ்சம் அதிகமாவே விடுற இன்னிக்கு என்றார். மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் நெற்றியைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், வெறும் நெற்றி, ஒன்பது வருஷமாக வெறும் நெற்றி.

சிவப்பால்தான் எல்லாம் நடந்தது. காஞ்சிபுரத்துச் சிவப்பு ஏன் போவதில்லை என்று சாயக்காரர்களைக் கேட்டால் பாலாற்றுத் தண்ணீர் என்பார்கள், அதற்கு மேல் கேட்டால் சிரிப்பார்கள். அவர் அதற்கு மேல் கேட்டார். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக எடுத்து வந்தோம், அந்தத் தண்ணீரில் சாயம் ஏற்றிய நூல், வாலையில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஏற்றிய நூல், அருகருகே வைத்துப் பார்த்தோம், பாலாற்று நூலைச் சாயச் சட்டியிலிருந்து எடுத்து உலர்த்தி நறுக்குவது என் வேலை, அதை அரைப்பது அவர் வேலை, வடித்த தண்ணீர் நூலை அப்போது என்னோடு இருந்த சீனிவாசனே நறுக்கி அரைத்தான், அவனுக்கு அவனுடையது, எனக்கு என்னுடையது, கலந்துவிடக் கூடாதாம், அவ்வளவு ஒழுங்கு. பாலாற்று நூலில் மட்டும் எண்ணூற்று எழுபத்தைந்தில் ஊசி குத்தியது போல ஒரு பள்ளம் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து சாயத்துக்கும் பட்டுக்கும் நடுவே பாலம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, இது அந்தப் பாலத்தின் ஆட்டம் என்று எழுதினார், கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர், வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சில் பார்த்தபோது அப்பா அதை வாங்கி மோந்து பார்த்தார். திருநீற்றிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது, கார்பனேட்டாக. அதற்கும் எண்ணூற்று எழுபத்தைந்து. அதன் இன்னொரு பள்ளம் ஆயிரத்து நானூற்று முப்பது, அது பட்டின் சொந்தப் பள்ளத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது, இல்லையென்றால் அவர் அன்றே பிடித்திருப்பார். உலகத்தில் வேறு எந்த ஊர் ஆய்வகத்திலாவது இப்படி ஒரு தவறு நடக்குமா, கையில் திருநீறு பூசிக்கொண்டு ஒருவன் விஞ்ஞானத்துக்குப் பாலம் கட்டுவானா...

கட்டுரையைப் பார்த்துவிட்டு பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து வந்து சேருங்கள் என்று எழுதினார்கள், புதிய இயந்திரம், வீடு, பத்து ஆய்வாளர்கள். வீட்டில் பெட்டிகூடக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் மான்செஸ்டரிலிருந்து அந்தக் கடிதம், அறுபத்தைந்து பிப்ரவரி, ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார், நீங்கள் சொன்னபடியே செய்தேன், எனக்கு அந்தப் பள்ளம் வரவில்லை என்று. வேறு யாராக இருந்தாலும் உன் தண்ணீர் பாலாறு இல்லை என்று பதில் போட்டுவிட்டு பெங்களூர் ரயிலேறியிருப்பார்கள். இவர் அறையைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் மிச்சமிருந்த தூளில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தார், நுரைத்தது. அவர் நிமிர்ந்தபோது எதிரே சுவரில் கண்ணாடி இருந்தது, அதில் தன் நெற்றியைப் பார்த்தார், மூன்று பட்டை, காலையில் பூசியது, குனிந்து அரைக்கும்போது உதிராமல் எங்கே போகும் என்று நினைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கோட்டுப் பைக்குள் என் கை பொட்டலத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால்... திறக்கவில்லை. அவர் அன்றே அரைப் பக்கம் எழுதி அனுப்பினார், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று, கடைசி வரி எனக்கு மனப்பாடம், இத்தவறு முழுவதும் என் கவனக்குறைவால் நேர்ந்தது, என் மாணவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பெங்களூரிலிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. பெட்டியை அவிழ்த்தார்கள். அவர் நெற்றியில் அன்றோடு திருநீறு நின்றது, என் கையிலும் அன்றோடு நின்றது, ஒரே நாளில் இருவரும் நிறுத்தினோம், எண்ணூற்று எழுபத்தைந்தும் நின்றுபோனது, பாத்தியா, என் நெத்திதான் என்று அவர் சமாதானமாகிவிட்டார். ஒரு சோதனையில் இரண்டை ஒரே சமயம் மாற்றாதே என்று முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவர் ஒன்றைத்தான் மாற்றினார், இரண்டாவதை மாற்றியவன் நான்.

அதற்குப் பிறகு அவர் சோர்ந்து போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுவாரமே பாலாற்று ஊற்றைத் திரும்பத் தோண்ட வைத்தார். பாலம் இல்லைன்னா வேற ஏதோ இருக்குது, சிவப்பு போகாம நிக்குது இல்ல, அது பொய் இல்லையே என்றார். ஐந்து வருஷம் எடுத்தது, அது ஒரு பாலம் இல்லை, சின்னச் சின்னதாக நூறு பிடிப்பு என்று கண்டுபிடித்தார், இன்று எங்கெங்கோ மேற்கோள் காட்டுகிறார்கள், மான்செஸ்டர்க்காரர் தன் புத்தகத்தை இவருக்கு அனுப்பி வைத்தார். பதினொரு பேர் முனைவர் ஆனோம், எல்லாம் இந்த உப்புக் கண்ணால். அவர் பெங்களூர் போயிருந்தால் நாங்கள் யாரும் இல்லை. என் பொய்யால் விளைந்த நன்மை என்று ஒருநாள் இதை நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் வேறு விதமாகப் பேசியது. புரொபசர் கருப்புச் சட்டைக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்றார்கள், அறுபத்தேழு தேர்தல் சமயத்தில் ஒருவர் வீடு தேடி வந்து மேடையில் பேசக் கூப்பிட்டாராம். கல்லூரிக்கு வரும்போது அழித்துவிட்டால் போதுமே, வீட்டில் பூசிக்கொள்ளுங்களேன் என்று ஒரு தரம் கேட்டேன், என்ன துணிச்சல் எனக்கு. "ஒரு துணுக்கு புருவத்துல ஒட்டிக்கினு இருந்தா போதும்பா, திரும்ப ஒரு பொய் எழுதிடுவேன்" என்றார். அவருடைய அம்மா நீலாம்பாள், அந்த அம்மாள் ஒருவருக்குத்தான் இவர் பயந்து பார்த்திருக்கிறேன், கச்சபேசுவரர் கோயில் தெருவில் என்னை நிறுத்தி, கண்ணுல தண்ணி வெச்சிக்கினு, வெறும் நெத்தியோட என் புள்ள எதுர வந்தா எனக்கு அடிவயிறு பத்திக்கினு எரியுது, நீ சாமி கும்புடுற புள்ள, நீயாவது சொல்லக் கூடாதாப்பா, உன் பேச்சைக் கேப்பான் என்றார். சொல்றேம்மா என்றேன். அந்த அம்மாள் எழுபதில் போய்விட்டார். சொல்றேம்மா என்று சொல்லிவிட்டு நான் நேராகப் போய் டீ குடித்தேன், ரொட்டி தின்றேன், எல்லாம் நினைவிருக்கிறது.

ஆயிரத்து அறுநூற்று நாற்பது, ஆயிரத்து ஐந்நூற்று இருபது, பட்டின் இரட்டைப் பள்ளம், பேனா அடியைத் தொட்டு எழுந்தது. ஆயிரத்து நானூற்று முப்பது அகலமாக இருக்கிறதா, இருக்கிறது மாதிரிதான் தெரிகிறது, எனக்கு இப்போது எல்லாமே அகலமாகத் தெரியும். அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். ஆயிரத்து இருநூற்று முப்பது. இன்னும் மூன்று நிமிடம் இருக்கலாம். பள்ளம் விழுந்த பிறகு சொன்னால் அது பிடிபட்ட பிறகு சொல்வது. விழுவதற்கு முன்னால் சொன்னால்... அதுவும் பயத்தில் சொல்வதுதான், ஆனாலும் வேறு. விழாமலே போய்விட்டால்? போய்விட்டால் திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிப் பேசி, இவர் போட்டோவுக்கு மாலை மாற்றி, அறுபது வயசு வரை... ஆயிரத்து நூறு.

"சார், கல்வத்துல விழல. என் கையில இருந்தது. எனக்குக் கை வேர்க்கும் சார், முதல் நாள்லேர்ந்தே. அது தெரியக் கூடாதுன்னு திருநீறு தேச்சிக்கினு இருந்தேன்."

இவ்வளவுதான் வந்தது. ஒன்பது வருஷமாகப் பக்கம் பக்கமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன், நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும்பா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், எத்தனையோ தரம் அப்படிச் சொல்லுவார் என்று கற்பனை செய்து அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், பெரிய மனுஷர், எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பார் என்று. அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆயிரத்துப் பதினைந்தில் பேனா சரசரவென்று கீழே இறங்கி ஏறியது, அங்கே அவ்வளவு ஆழம் இருக்கக் கூடாது, ஆனால் எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை. பிறகு நேராக ஓடியது. தொள்ளாயிரம். எண்ணூற்று எழுபத்தைந்து. ஊசி குத்தியது போல ஒரு சின்னப் பள்ளம், அப்படியே, ஒன்பது வருஷத்துக்கு முன் பார்த்த அதே பள்ளம்.

அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார். இடது கையை எடுத்து நெற்றியில் வைத்தார், தலைவலிக்குப் பிடிப்பது போல இல்லை, மூன்று விரலை மட்டும் ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு இழுத்துப் பார்த்தார், விரலில் ஒன்றும் இல்லை.

"எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பெங்களூரைச் சொல்லியிருந்தால், கட்டுரையைச் சொல்லியிருந்தால் அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அவர் கையை நீட்டினார், கையக் குடு என்றார். கொடுத்தேன், துடைக்கக்கூட மறந்துபோய் அப்படியே கொடுத்தேன், சொதசொதவென்று நனைந்த கை. அதே உலர்ந்த கதகதப்பான கை, பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு, புரட்டிப் பார்த்தார், ரேகை பார்க்கிறவர் மாதிரி விரலால் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கு இப்படி இருந்திருந்தா உன்ன அனுப்பியிருப்பேன். கண்டிப்பா அனுப்பியிருப்பேன்பா." என் விரல்களை மடக்கி, திரும்பவும் விரித்துப் பார்த்தார். "ஜரிகைக்கு சரி. மனுஷனுக்கு இது என்னா கேள்வின்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. எத்தனை பேரை வாலாஜாபாத் பஸ் ஏத்தி அனுப்பினேனோ."

என்னைத் திட்ட வேண்டிய இடத்தில் அவர் தன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். மான்செஸ்டர் கடிதத்தை எப்படிப் படித்தாரோ அப்படியே என்னையும் படிக்கிறார், எங்கே பிழை, எங்கிருந்து வந்தது, அதில் என் பங்கு எவ்வளவு என்று... இப்படி ஒரு மனிதருக்கு முன்னால் நான் எத்தனை சின்னவன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது, இவர் கையில் வளர்ந்தவன் நான் என்று. அவர் கையை விடவில்லை. பேனா கடைசிக்கு வந்துவிட்டது, அறுநூற்று எழுபதில் இன்னொரு பள்ளம் விழுந்தது, பிறகு டக்கென்று நின்றது. அவர் பழக்கம் விடுமா, கண் தாளுக்குப் போய்விட்டது.

"இது என்னா? ஆயிரத்துப் பதினஞ்சு, அறுநூத்து எழுபது. பட்டும் இல்ல, திருநீறும் இல்ல."

குனிந்தேன். இடது ஓரத்தில் அந்தச் சின்ன வெட்டு, மூவாயிரத்து அறுநூற்று எழுபது, பல்சக்கரம் என்று நான் தள்ளிவிட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, மாக்கல் தூள், முகப் பவுடர். நான் முகப் பவுடர் போடுவதில்லை. அவரும் போடுவதில்லை. வில்லை செய்தவள்... போன ஜூனில் சேர்க்கையை என்னிடம் விட்டிருந்தார், நான்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன், அவர் செய்தபடியே செய்தேன், குருவின் வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று, பைக்குள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இன்னொருத்தர் கையைப் பிடித்துப் பார்த்தேன், எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. இந்திராணியின் கை அத்தனை உலர்ந்திருந்தது. லேசாக மல்லிகைப் பவுடர் வாசனை வந்தது. சின்னப் பெண், நேர்காணலுக்கு அலங்காரம் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஏழு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு அவளைச் சேர்த்தேன்.

"சார், டீ வந்துட்டுது, எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க" என்று வாசலில் அவள் குரல். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கை கதவில், இன்னொரு கை கோட்டுப் பைக்குள். பேராசிரியர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திங்கட்கிழமை முதல் இது என் அறை. பாக்கணும் சார் என்றேன், எதைப் பார்க்கணும் என்று சொல்லவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டால் எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டுக் கேட்கலாம், இப்போதே, கேட்டால் நேரே சொல்லிவிடுவாளா... அறுபத்தைந்து பிப்ரவரியில், அமிலம் நுரைத்த அந்த நிமிடத்தில், அவர் நெற்றியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, உன் கையில என்னா இருக்குதுபா என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை காலம் என்னைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், அவர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று. உண்மையில், கேட்டிருந்தால் ஒன்றும் இல்லை சார் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், என் ஈரக் கை இன்னும் அவர் கையில் இருந்தது, அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.